ஓ என்றால் மேற்கு

இன்டர்நெட் பிறந்த கதையைச் சொல்வதற்காக விக்டர் எழுதிவைத்திருந்த எட்டுப் பக்கக் குறிப்புக்கு நடுவில் ஒன்பதாவதாக ஒரு தாள் இருந்தது. அது அவர் எழுதியதல்ல. கல்லூரி முதல்வர் புருஷோத்தமன் டைப் அடித்துக் கொடுத்தது. 'தவறுக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'ஒப்பந்தப் பணியாளர் சரிதாவின் கவனக்குறைவு' என்று இருந்தது. அடியில் 'நெட்வொர்க் பொறியாளர்' என்ற எழுத்துக்கு மேலே விக்டரின் கையெழுத்துக்காக இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் மூன்று நாட்களாக அவரை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை.

"இட்லிய சாப்புடுறீங்களா, எண்ணிப் பாக்குறீங்களா?" என்றாள் மனைவி லினெட். "பசங்ககிட்ட பேசுறதுக்கா இவ்ளோ பதட்டம்? வருஷா வருஷம் பேசுறதுதான?"

"பேச்சு இல்ல லினெட்."

"அப்ப இன்னா?"

அவர் எழுந்து கை கழுவினார். குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தார். தேவாலயத்தில் விடியற்காலைப் பூசையிலும் இப்படித்தான் ஆனது. பாவ அறிக்கையில் 'சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும்' என்பது வரை வாய் தன்போக்கில் ஓடியது. 'கடமையில் தவறியதாலும்' என்ற இடத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் மார்பில் மூன்று முறை தட்டிக்கொண்டார்கள். விக்டரின் கை இரண்டாவது தட்டோடு இறங்கிவிட்டது. நாற்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

நடந்தது இதுதான். கல்லூரியின் நான்கு கட்டடங்களுக்கும் இணைப்புப் போகிற ஒரு சின்ன அறை, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கிழக்கு, தெற்குக் கட்டடங்களுக்குப் போன வருஷமே புதிய கேபிள் போட்டு, அச்சடித்த சீட்டு ஒட்டியாயிற்று. வடக்குக்கும் மேற்குக்கும் போகிற பழைய கேபிள்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றோடு, எதற்கும் உதவாமல் தொங்குகிற செத்த கேபிள்களும் ஒரு கற்றை இருந்தன. செவ்வாய்க்கிழமை காலை விக்டர் போனில் சரிதாவிடம் சொன்னார்: "பழசையெல்லாம் வெட்டி எடுத்துடும்மா, எலி கூடு கட்டுது." சரிதா டார்ச் அடித்துப் பார்த்தாள். மார்க்கர் பேனாவால் எழுதிய இரண்டு சீட்டுகள் கண்ணில் பட்டன. ஒன்றில் N. ஒன்றில் O. பக்கத்தில் கேபிள் எண். N என்றால் நியூ, O என்றால் ஓல்டு. அவள் O-வை வெட்டினாள். மேற்குக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் திரையும் ஒரே நொடியில் நின்றுபோனது.

அது ஓல்டு இல்லை. உவெஸ்த். பிரெஞ்சில் மேற்கு. N என்றால் நோர், வடக்கு.

எழுதியது விக்டர்தான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர், ஊர்ப்பேச்சில் சொல்தா. விக்டர் பத்தாவது வரை படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். கல்லூரியில் எல்லாரும் W என்று எழுதுவார்கள் என்பது அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் O என்று எழுதினார். இந்த ஊரில் தெருப்பலகைகூட இரண்டு மொழி பேசுகிறது, என் சீட்டு பேசினால் என்ன என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு இத்தனை வருஷம் இருட்டில் தூசி படிந்து கிடந்து, ஒரு பெண்ணின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

அதையாவது சொல்லியிருக்கலாம். விசாரித்த அன்று முதல்வர் அறையில் சரிதா, "N-னா நியூ, O-ன்னா ஓல்டுன்னு நெனச்சிட்டேன் சார்" என்றாள். முதல்வர் சிரித்தார். "எந்த ஊர்லம்மா அப்படி எழுதுவாங்க?" என்று கேட்டுவிட்டு விக்டரைப் பார்த்தார். விக்டர் சொன்னார்: "பழைய கான்ட்ராக்டர் யாராவது எழுதியிருப்பாங்க சார்." அந்தப் பொய் அத்தனை லேசாக வெளியே வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சரிதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் முதல்வர் அவரை வராந்தாவில் நிறுத்தினார். "பேச்சு முடிஞ்சதும் அந்தத் தாள குடுத்துடுங்க விக்டர். பெற்றோருங்க போன் மேல போன். ஒரு பேரு குடுத்தாதான் அடங்குவாங்க. உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைலும் இந்த வாரமே மேல போவுது." கையை மென்மையாகத் தொட்டுவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு மாதத்தில் விக்டருக்கு ஓய்வு. நீட்டிப்பு கிடைத்தால் இன்னும் இரண்டு வருஷம். கிடைக்காவிட்டால் ரெட்டியார்பாளையம் வீட்டில் காலை பதினோரு மணிக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. சரிதாவுக்கு அந்தத் தாளில் பெயர் ஏறினால் ஒப்பந்தக்காரர் மறுநாளே நிறுத்திவிடுவார். பிறகு இந்த ஊரில் எந்தக் கல்லூரியும், எந்த ஆஸ்பத்திரியும் அவளை ஏணி ஏற விடாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் வேலைக்கு வந்தபோது, பொம்பளை கேபிள் இழுப்பாளா என்று கேட்டவர்கள் எல்லாரும் இப்போது பார்த்தாயா என்பார்கள்.

மூன்று மணிக்குக் கூட்டம். இரண்டரைக்கே விக்டர் அரங்குக்குப் போய், மேடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தார். மைக் பொருத்த வந்தது சரிதா. பிள்ளைச்சாவடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த காற்று இன்னும் தலைமுடியில் இருந்தது.

"ஒரு எடத்துல நில்லுங்க சார். மைக்க எங்க மாட்றது, ஓடுற ஆளுக்கு?"

அவர் நின்றார். அவள் சட்டையில் மைக்கைக் குத்தினாள். பிறகு இடுப்புப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்ளே அந்தச் சீட்டு. O-7. ஏழின் நடுவே குறுக்காக ஒரு சின்னக் கோடு.

"குப்பைத் தொட்டியில போட்டுட்டாங்க சார். யாராச்சும் எடுத்துப் பாத்துடப் போறாங்கன்னு நான் எடுத்து வெச்சிருந்தேன். நீங்களே வெச்சிக்குங்க."

ஏழுக்கு நடுவே கோடு போடுகிற ஆள் அந்தக் கல்லூரியில் ஒருவர்தான். விக்டரின் காது சூடானது.

"எப்ப தெரியும்?"

"வெட்டுன அன்னிக்கே. என் லீவு சீட்டுல பதினேழாம் தேதின்னு எழுதிக் குடுத்தீங்கல்ல, அப்ப இன்னாடா இது, ஏழுக்குப் பூணூல் போட்டிருக்காருன்னு நெனச்சேன்." சிரிக்க முயன்றாள்.

"அப்ப ஏன்மா அவருகிட்ட சொல்லல?"

அவள் மைக்கின் ஒயரைச் சுருட்டினாள். "எம்மேலயும் தப்பு இருக்குது சார். வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு, ஓ-ன்னா இன்னா சார்னு கேட்டிருக்கலாம். கேக்கல. எல்லாம் தெரிஞ்ச மாதிரி வெட்டிட்டேன். அது கூட போவட்டும். மூணு நாளா நீங்க என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. அதான் ஒரு மாதிரி இருந்திச்சி."

அதற்குள் பிள்ளைகள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் இறங்கி, கடைசி வரிசைக்குப் பின்னால் ஒலிப்பெட்டி மேசை அருகே போய் நின்றுகொண்டாள்.

வரவேற்புரை முடிந்து விக்டர் பேச எழுந்தார். குறிப்பைப் புரட்டினார். ஒன்பதாவது தாள் முதலில் வந்தது. அதை அடியில் தள்ளினார். முன்வரிசையில் முதல்வர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வழக்கமான பேச்சுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, அக்டோபர் மாதம். கலிபோர்னியாவில் இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்றுக்கொன்று இங்கிருந்து நாகர்கோவில் தூரம். இந்த முனையில் ஒரு மாணவர், அந்த முனையில் ஒரு பொறியாளர். 'லாகின்' என்ற வார்த்தையை அனுப்பப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் காதிலும் போன். L அடித்துவிட்டு, வந்ததா என்று கேட்கிறார் ஒருவர். வந்தது என்கிறார் மற்றவர். O வந்ததா? வந்தது. G அடித்தார்கள். மெஷின் படுத்துவிட்டது.

"அப்போ உலகத்தோட ஃபர்ஸ்ட் மெசேஜே 'லோ'வா சார்?" என்றான் நடு வரிசையில் ஒருவன். "லோ பேட்டரியா?"

அரங்கம் சிரித்தது. விக்டரும் சிரித்தார். ஆனால் அவர் கை சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. போன வருஷம் இந்தக் கதையைச் சொல்லும்போது மெஷின் படுத்ததுதான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்று வேறொன்று தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருவன் 'வந்ததா' என்று கேட்டிருக்கிறான்.

"அதுக்கு முன்னாடி, இந்த மெஷின்கள் எப்படிப் பேசிக்கணும்னு சில மாணவர்கள் எழுதி வெச்சாங்க," என்றார். "உங்களவிட நாலஞ்சு வயசுதான் கூட. அதுக்கு 'சட்டம்'னு பேர் வைக்கல. 'விதி'ன்னு வைக்கல. நம்ம யாரு விதி போட, பெரியவங்க கோச்சிப்பாங்களோன்னு பயந்து, 'உங்க கருத்தச் சொல்லுங்க'ன்னு பேர் வெச்சாங்க. இன்னிக்கி வரைக்கும் அந்தப் பேர்லதான் எழுதுறாங்க. இன்டர்நெட் அதிகாரத்துல பொறக்கல. தயங்கித் தயங்கிக் கேட்டதுல பொறந்துது."

அடுத்த பக்கத்தில், கம்பிக்குள் செய்தியைத் துண்டு துண்டாக அனுப்புகிற யோசனையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்த பங்கு. ஒவ்வொரு வருஷமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிற பக்கம். இன்று அதைப் படிக்க வாய் வரவில்லை. பக்கத்தை மூடிவிட்டுப் பலகைக்குப் போனார். பெரிதாக N என்று எழுதினார். பக்கத்தில் O.

"கேபிள்ல இப்படி ரெண்டு சீட்டு ஒட்டியிருக்கு. இன்னா அர்த்தம்?"

பாதி அரங்கம் ஒன்றாகக் கத்தியது: "நியூ! ஓல்டு!"

முதல்வரின் கால் மேல் போட்டிருந்த கால் கீழே இறங்கியது.

"எல்லாருக்கும் அப்படித்தான் தோணுதா? வேற யாருக்காவது வேற தோணுதா?"

"நார்த் சார்," என்றாள் ஒரு பெண். "ஆனா O-வுக்குத் திசை இல்லியே."

"இருக்கு. பிரெஞ்சு படிச்சவனுக்கு மட்டும் இருக்கு." விக்டரின் குரல் ஒலிபெருக்கியில் பின்சுவரில் மோதித் திரும்பி வந்தது. "செவ்வாக்கிழம உங்கள்ல சில பேரோட பரிட்சை நின்னுபோச்சு. அந்த O-வ எழுதினது நான்தான். யாருக்கும் சொல்லாம எழுதினேன். அப்புறம் கேட்டப்பவும் சொல்லல. கேபிள வெட்டினவங்க, நீங்க எல்லாரும் இப்ப படிச்ச மாதிரிதான் படிச்சாங்க."

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற மாதிரி விஷயமா என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. முன்வரிசையில் முதல்வர் போனைக் காதில் வைத்தபடி எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியே போனார். கடைசி வரிசைக்குப் பின்னால் சரிதா குனிந்து, அவசியமில்லாமல் ஒலிப்பெட்டியின் ஒரு திருகைத் திருகினாள்.

நன்றியுரைக்கு விக்டர் நிற்கவில்லை. ஒன்பதாவது தாளில் 'சரிதாவின் கவனக்குறைவு' என்பதை ஒரே கோட்டில் அடித்து, 'பொறியாளர் விக்டர் எழுதிய, யாருக்கும் விளக்காத சீட்டு' என்று மேலே எழுதி, கையெழுத்துப் போட்டு, சீட்டையும் ஊசியால் குத்தி முதல்வரின் மேசைமேல் வைத்தார். அறையில் ஆள் இல்லை. மின்விசிறிக் காற்றில் தாள் பறந்துவிடும் போலிருந்தது. தன் பேனாவை அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை அவசரத்துக்கு ஒட்டுப்போட்ட கேபிளை இன்று சரியாக இணைத்தாக வேண்டும். சரிதா மேற்குக் கட்டடத்துக்குப் போயிருந்தாள். விக்டர் மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன அறையில் குந்தி, புதிய சீட்டில் தமிழில் 'மேற்கு' என்று எழுதினார். பக்கத்தில் ஏழு. எழுதி முடித்த பிறகுதான் பார்த்தார், நடுவில் கோடு விழுந்திருந்தது. ஒரு கணம் யோசித்து, அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

போன் அடித்தது.

"சார், இந்தப் பக்கத்துலேர்ந்து கேபிளுக்குள்ள செவப்பு லைட்டு அடிக்கிறேன். கண்ண வெச்சிப் பாத்துடாதீங்க. கைய காட்டுங்க."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் இன்னொரு அழைப்பின் 'டிக் டிக்' கேட்டது. திரையைப் பார்த்தார். முதல்வர். அதை எடுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. இடது கையை விரித்து, கேபிளுக்குள் ஓடுகிற, முடி அளவு மெல்லிய கண்ணாடி இழையின் முனைக்கு முன்னால் நீட்டினார்.

"வந்துச்சா சார்?"

உள்ளங்கையின் நடுவில், எலி கடித்த ஒயர்களுக்கும் இருபத்திரண்டு வருஷத் தூசிக்கும் நடுவே, ஒரு சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

"வந்துச்சும்மா," என்றார். காதுக்குள் அந்த இன்னொரு அழைப்பு விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.