இரண்டு நிமிடம் நாற்பது நொடி

மாலை வகுப்பில் சேர்ந்த ஏழு மாதத்தில் வகுப்பு இதழுக்கு ஐந்து கட்டுரைகள் எழுதிக் கொடுத்தேன். ஐந்தும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் எங்கள் ஆசிரியை உஸ்தாதா விஜ்தான் பச்சை மையில் "கவனமான உழைப்பு" என்று எழுதியிருந்தார். முதல் இரண்டு முறை அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

பகலில் நான் ஒரு பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி, எண்ணி, அடுக்கி வைப்பவள். ஞாயிறும் புதனும் மாலை ஆறரைக்கு, அலெக்ஸாந்திரியா கலாசார இல்லத்தின் மூன்றாவது மாடியில், திரைப்பட ரசனை வகுப்பு. பதினான்கு பேர். படம் பார்ப்போம், பேசுவோம், நாட்குறிப்பு எழுதுவோம். நாட்குறிப்பை ஒழுங்காக எழுதியது நான் ஒருத்திதான். அதனால்தான் உஸ்தாதா அந்த கேசட்டை என்னிடம் கொடுத்தார்.

ஷுக்ரி மஹல்லாவியின் முதல் பேட்டி அது. 1958இல், அவர் நாடகத்தில் மட்டும் நடித்து, ஒரு படத்திலும் நடிக்காத காலத்தில், கெய்ரோ வானொலியில் வந்தது. நிலையத்தில் அந்த நாடா இல்லை. எங்கள் ஊரின் க்ளீம் பகுதியில் குடியிருந்த டைரக்டர் நஸ்மி தன் வீட்டுப் பெரிய ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அவர் மகள் அதை கேசட்டில் ஏற்றி உஸ்தாதாவுக்குக் கொடுத்திருந்தார். ரசிகர்களில் பலர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். கேட்டவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

ஷுக்ரி எதனால் பெரிய நடிகர் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், அவர் பேசாமல் இருப்பதைத்தான் சொல்வார்கள். திரையில் அவர் வாயை மூடிக்கொண்டு ஒரு கதவைப் பார்த்தால், கொட்டகை முழுக்க பூசணி விதை கொறிப்பது நின்றுவிடும். என் அப்பா சாகிற வரை, ஷுக்ரி மௌனமாக நிற்கும் காட்சி வந்தால் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிடுவார்.

பேட்டி ஐந்து நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் அறிவிப்பாளர், "நீங்கள் ஏன் நடிக்க வந்தீர்கள்?" என்று கேட்கிறார். ஷுக்ரி, "நான் ஏன் வந்தேன்னா..." என்று ஆரம்பிக்கிறார். குரல் மெல்லத் தேய்ந்து அடங்குகிறது. பிறகு ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. பிறகு அறிவிப்பாளர், "நேரம் முடிந்துவிட்டது" என்கிறார். ஷுக்ரி, "நன்றி" என்கிறார். பேட்டி முடிகிறது.

இருபத்தொரு முறை கேட்டேன். ஆய்வகத்து நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தேன். ஆறாவது கட்டுரையை எழுதினேன். இருபத்திரண்டு வயதில், ஒரே ஒரு கேள்விக்கு, நாடே கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசாமலிருக்க முடிந்த மனிதரைப் பற்றி. குரல் அடங்கும் விதத்துக்கு ஒரு பத்தி கொடுத்தேன். அறிவிப்பாளரும் அந்த மௌனத்துக்குள் கூடவே போய் உட்கார்ந்துவிட்டதற்கு ஒரு பத்தி.

வகுப்பில் படித்துக் காட்டியபோது அஷ்மாவி கையைத் தூக்கினார். துறைமுகச் சுங்க அலுவலகத்தில் எழுத்தர். எந்தக் கட்டுரைக்கும் கையைத் தூக்குபவர்.

"இனாஸ், ஒரு சந்தேகம். அம்பத்தெட்டுல ரேடியோ ரெண்டு நிமிஷம் சத்தம் போடலன்னா, ஆட்சி கவுந்துடுச்சுன்னு ஜனங்க தெருவுக்கு வந்திருப்பாங்களே."

"வரலை. பேப்பர்ல அப்படி ஒண்ணும் இல்லை."

"பேப்பரையும் பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இவ்வளவு நேரம் பேசாம இருந்தா ப்ரமோஷன் குடுத்துடுவோம்," என்று சொல்லிவிட்டுக் கையை இறக்கினார்.

உஸ்தாதா சிரிக்கவில்லை. கட்டுரையின் அடியில் பச்சை மையில், "மார்ச் 24, பாராட்டு விழா. நீ வாசிக்கிறாய்" என்று எழுதினார். விழா ஷுக்ரிக்கு. அவரே வருகிறார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், டிராம் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது ஐந்தாவது நிறுத்தத்தில்தான் தெரிந்தது. யாரும் சொல்லித்தராமல் நானே ஒன்றைக் கண்டுபிடித்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

விழாவுக்கு நான்கு நாள் முன்பு, அம்மாவுக்காக வானொலி நாடகத்தைப் பதிவு செய்தேன். அம்மா சமைத்துக்கொண்டே கேட்பார். வெங்காயம் வதங்கும் சத்தத்தில் பாதி வசனம் போய்விடும் என்பதால், பிறகு கேசட்டில் மறுபடி கேட்பார். முன்பெல்லாம் ரேடியோ முன்னால் மைக்கை வைப்போம், கேசட்டிலும் வெங்காயமே வதங்கும். அந்த வாரம்தான் ரேடியோவுக்கும் ரெக்கார்டருக்கும் நடுவே ஒரு வயர் போட்டிருந்தேன். இனி ரேடியோவில் வருவது மட்டும் பதியும்.

நாடகத்தின் நடுவே கெய்ரோ வானொலி கெய்ரோ நேரப்படி மஃரிப் என்னும் அந்திநேரத் தொழுகைக்கான பாங்கு சொல்லி முடித்து, நாடகத்தைத் தொடர்ந்தது. அலெக்ஸாந்திரியாவில் சூரியன் கெய்ரோவைவிட ஐந்து நிமிடம் பிந்தித்தான் மறையும், எங்களுக்கு மஃரிப் அப்போதுதான். எங்கள் தெருப் பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் அம்மா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து ரேடியோவின் குமிழைத் திருகிச் சத்தத்தை அடியோடு குறைத்தார். முடிந்ததும் கூட்டினார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். நானும் இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன்.

சாப்பிட்ட பிறகு கேசட்டைப் போட்டோம். கதாநாயகி, "உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்..." என்று ஆரம்பித்தாள். குரல் மெல்லத் தேய்ந்து அடங்கியது.

"என்னடி, வயர் போட்டு கெடுத்துட்டியா?" என்றார் அம்மா.

நான் நிறுத்துக் கடிகாரத்தை எடுத்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது நொடி.

"நம்ம மோதினார் பத்து நொடி மெதுவானவர்," என்றேன்.

"யாரைவிட?"

"க்ளீம் மோதினாரைவிட."

"க்ளீமுக்கு எப்ப போன நீ?" என்றார் அம்மா. பிறகு, "பாங்கு சொல்லும்போது எவ எதைச் சொன்னா எனக்கென்ன, நான் குறைச்சுத்தான் வைப்பேன்," என்று எழுந்து போனார்.

மறுநாள் நகராட்சி நூலகத்தில் பழைய செய்தித்தாளை மறுபடி எடுத்தேன். முன்பு ஆட்சி கவிழ்ந்ததா என்று மட்டும் பார்த்திருந்தேன். இப்போது வானொலி நிகழ்ச்சி நேரத்தையும், அதே பக்கத்தின் ஓரத்தில் இருந்த தொழுகை நேரத்தையும் பார்த்தேன். கெய்ரோ பாங்கு முடிந்ததும் பேட்டி, அதன் இரண்டாவது நிமிடத்தில் எங்கள் ஊர்ப் பாங்கு. கணக்கு சரியாக வந்தது. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் வந்தது. நஸ்மியும் வயர் போட்டுத்தான் பதிந்திருக்கிறார், அவர் வீட்டில் பாங்குக்காக யாரோ மரியாதைக்காரர் குமிழைத் திருகியிருக்கிறார். மௌனம் ஷுக்ரியுடையது அல்ல. என் கட்டுரையும் மிச்சமில்லை.

உஸ்தாதாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் பதில் இல்லை. அதை நான் அளக்கவில்லை.

"அழைப்பிதழ் அச்சாகிடுச்சு இனாஸ்," என்றார். "உள்ளூர் ரேடியோவும் வர்றாங்க. அவர் முன்னாடி போய் 'நீங்க அன்னைக்கு மௌனமா இல்லை'ன்னா சொல்லப்போற?"

"தெரியலை, உஸ்தாதா."

"ஒருவேளை நீ நினைக்கறது தப்பாவும் இருக்கலாம்."

அது எனக்கு எப்போதும் பொருந்தும் வாதம். அதனால் முதல் பக்கத்தைக் கிழிக்காமல், இரண்டாவது பக்கம் ஒன்று எழுதினேன். அதில் பாங்கு, குமிழ், ஐந்து நிமிடம், எல்லாம் இருந்தன. முதல் பக்கத்தை மட்டும் வாசிப்பதா, இரண்டையும் வாசிப்பதா என்று முடிவு செய்யவில்லை. முதல் பக்கம் மட்டும் என்றால் எனக்குக் கைதட்டல் உண்டு.

விழா அன்று ஷுக்ரியைக் கலாசார இல்லத்து இயக்குநரின் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். ஐம்பத்தெட்டு வயது, சாம்பல் நிறக் கோட்டு, மடியில் எள் ஒட்டிய சிமீத் ரொட்டி.

"வாம்மா, உட்காரு. இந்த லிஃப்ட் எத்தனை வருஷமா ஓடல? மூணு மாடி ஏறினேன், ஒவ்வொரு மாடியிலயும் ஒருத்தர் முதுகுல தட்டி 'பேசாதீங்க, பேசாதீங்க, கண்ணாலயே சொல்லுங்க'ங்கறாங்க. கண்ணு என்ன சொல்லும்? மூச்சு வாங்குதுன்னு சொல்லும். இந்த சிமீத்ல பாதி எடுத்துக்கோ. எடுத்துக்கோன்னா சும்மா வாய் வார்த்தைக்கு இல்ல, நிஜமாவே எடுத்துக்கோ. நீதான் கட்டுரை படிக்கப்போற பொண்ணா?"

திரையில் முப்பது படங்களில் அவர் பேசியதை ஒன்றாகக் கூட்டினாலும் இவ்வளவு வராது. எடுத்துக்கொண்டேன். பிறகு கேட்டுவிட்டேன்.

"உஸ்தாத், அந்த முதல் பேட்டியில, ஏன் நடிக்க வந்தீங்கன்னு கேட்டப்ப, நீங்க பேசாம இருந்தீங்களா? இல்லை, பேசினீங்களா?"

அவர் சிமீத்தை மடியில் வைத்தார். அப்போதுதான் திரையில் பார்த்த மனிதர் போல இருந்தார்.

"பேசினேன்மா. மூச்சு விடாம பேசினேன். முப்பத்தாறு வருஷத்துல நீதான் முதல்ல கேக்கற."

"நஸ்மி வீட்டுல பாங்குக்காக ரேடியோவைக் குறைச்சிருக்காங்க."

"அவர் மாமியார்," என்றார். "ரொம்ப பக்தியான அம்மா. நஸ்மி டேப்பை ஓடவிட்டுட்டு வெளிய போயிருந்தார், அப்புறமாத்தான் அதைக் கேட்டார். கேட்டுட்டு என்னைக் கூப்பிட்டு விட்டார். 'ரேடியோல இருந்த மாதிரியே கேமரா முன்னாடி இரு'ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. என்னன்னு கேட்டா வேஷம் போயிடுமோன்னு வாயை மூடிட்டு நின்னேன். அதையே படம் புடிச்சார். அவர் மகள் கல்யாணத்துல அந்த டேப்பைப் போட்டப்பதான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஒன்பது படம் ஆகிடுச்சு. இனிமே என்னத்தைப் பேச?"

"அப்ப என்ன சொன்னீங்க, அந்த ரெண்டு நிமிஷம் நாப்பது நொடியில?"

"நான் வந்ததே இவங்களாலதான்னு சொல்லி, எங்க ஊர் மஹல்லாவுல தெரு முழுக்க பேர் பேரா வாழ்த்து சொன்னேன். ரேடியோல பேசினா வேற என்ன சொல்லுவாங்க? அம்மா, அப்பா, நெசவு மில் ஃபோர்மேன், முடிவெட்டற கரீப், எல்லாரும். எனக்கு ஆறு வருஷம் சோறு போட்டது நபூஸா அத்தை. முக்கியமானவங்கள கடைசியில சொல்லணும்னு வச்சிருந்தேன். அந்த ஆள் 'நேரம் முடிஞ்சுது'ன்னுட்டான். தெருவே அத்தை வீட்டு ரேடியோவைச் சுத்தி உட்கார்ந்திருந்துது. மஹல்லாவுல கெய்ரோ நேரம்தானே, பாங்கு முன்னாடியே முடிஞ்சுது, அவங்களுக்கு ஒரு வார்த்தை விடாம கேட்டுது. எல்லார் பேரும் வந்துது, அவங்க பேரைத் தவிர."

"இப்ப அத்தை?"

"எண்பத்தெட்டு வயசு. என் படம் ஒண்ணுகூட பாக்கல. பேர் சொல்லிக்கூட கூப்பிட மாட்டாங்க. 'அந்த ரேடியோக்காரன்'தான் நான்." சிமீத்தை மறுபடி எடுத்தார். "நீ எதை வேணா படி. எனக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது."

அரங்கு நிறைந்திருந்தது. உஸ்தாதா முதல் வரிசையில் ஷுக்ரிக்குப் பக்கத்தில். உள்ளூர் வானொலிக்காரர்கள் ஓரமாக. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு முடிந்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. உறுதி செய்துகொண்டேன்.

முதல் பக்கத்தை வாசித்தேன். குரல் அடங்கும் பத்தியில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். இங்கேயே நிறுத்தலாம் என்று தோன்றியது. உஸ்தாதாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் முதல் வரிசையில் ஒருவருக்கு உண்மை தெரியும், மேடையில் ஒருத்திக்குத் தெரியும். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன். பாங்கு, குமிழ், ஐந்து நிமிடம். என் கட்டுரை தவறு என்றும், கண்டுபிடித்தது என் அம்மா என்றும் வாசித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்து அஷ்மாவியின் குரல் மட்டும் வந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"இப்போது அந்தப் பகுதியைக் கேட்கலாம்," என்று சொல்லி கேசட்டைப் போட்டேன். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் இருந்தது. "நான் ஏன் வந்தேன்னா..." என்று இருபத்திரண்டு வயதுக் குரல் தேய்ந்து அடங்கியது.

அப்போது ஷுக்ரி எழுந்தார். மேடைக்கு வந்து என் மைக்கைப் பிடித்தார்.

"எங்க நபூஸா அத்தைக்கு வாழ்த்து," என்றார். "ஆறு வருஷம் எனக்குச் சோறு போட்டவங்க. என் சட்டையை இஸ்திரி போட்டு, ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுத்தவங்க. அவங்க இல்லன்னா நான் வந்திருக்க மாட்டேன். அடுத்தது எங்க அம்மா. அடுத்தது எங்க அப்பா..."

விடாமல் சொன்னார். பாதிப் பேர் இறந்திருக்கலாம், அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பேச்சாளர் பேசிக்கொண்டே போக, அவருடைய புகழ்பெற்ற மௌனம் கேசட்டில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது நம்ம முடிவெட்டற..."

"நேரம் முடிந்துவிட்டது," என்றது கேசட்.

"நன்றி," என்றார்கள் இரண்டு ஷுக்ரிகளும்.

அதன் பிறகு கைதட்டல் வந்தது. எனக்கு அல்ல, ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அலெக்ஸாந்திரியா நிலையம் மஹல்லாவில் எடுக்காது. அதனால் விழாவை நான் தனியாக ஒரு கேசட்டில் பதிந்திருந்தேன். வயர் இல்லை, மைக் வைத்து. கிளம்பும்போது அதை ஷுக்ரியிடம் கொடுத்தேன். உஸ்தாதா என் இரண்டு பக்கங்களையும் புதன்கிழமை திருப்பிக் கொடுத்தார். அடியில் பச்சை மையில், "கவனமான உழைப்பு." அதற்குக் கீழே, "இதழில் வரும்."

பத்து நாள் கழித்து ஷுக்ரி கலாசார இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மூன்றாவது மாடிக்கு என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

"அத்தை கேட்டாங்கம்மா," என்றார். "ரெண்டு தடவை கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"கரீப் பேரை ஏன் விட்டேன்னு திட்டினாங்க."

அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். தேதியும் போட்டேன்.