வரைஞ்சிருக்கா

சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று மருமகள் நகக்கண்ணில் இருந்த நீலப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அது போகவில்லை.

கூடத்தில் அவள் வரைந்த படத்தைப் பற்றித்தான் பேச்சு. பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பெண், கால்மேல் கால் போட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். யார் வரைந்தது என்று தெருவுக்குத் தெரியாது.

"என்ன துணிச்சல் அந்தப் பயலுக்கு! அவ சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது," என்றார் மாமனார். அவர்தான் தெருச் சங்கத் தலைவர்.

"ஆளைக் கண்டுபிடிச்சு நாலு பேர் முன்னால பாராட்டணுங்க," என்றார் செயலாளரான தையல்காரர்.

போன வருஷம் அவர் மகள் ஏணியில் ஏறி அப்பாவின் கடைப் பலகையில் பெயர் எழுதினாள். தெரு அண்ணாந்து பார்த்தது. உடனே படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார். மருமகளை ஏற்கெனவே கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனி அனுப்புவதென்றால் தாய்வீட்டுக்குத்தான். அங்கே யாரும் உயிரோடு இல்லை.

மாமியார் டீயோடு கூடத்துக்குப் போனாள்.

"ஒரே ராத்திரில முடிச்சிட்டானே, படுபாவி!" என்று வியந்தார் தையல்காரர்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ராத்திரியா? நல்லா சொன்னீங்க. விடியறதுக்கு முன்னால பால் வாங்கப் போறப்பல்லாம், சினிமா போஸ்டருக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல வரைஞ்சிருக்கா."

வரைஞ்சிருக்கான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு 'ன்' விழுந்துவிட்டது. மாமியார் டீத் தட்டை அவசரமாக நீட்டினாள்.

"வரைஞ்சிருக்காங்கன்னு அம்மா மரியாதையா சொல்ல வந்தாங்கப்பா," என்று மகன் குறுக்கே பாய்ந்தான்.

அவனுக்கும் தெரிந்திருந்தது. மாமியார், மகன், மருமகள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே பயத்தை ஒளித்து வைத்திருந்தார்கள்.

"நம்ம வீட்ல பால் வாங்கப் போறது யாரு?" மாமனார் மெதுவாகத்தான் கேட்டார்.

தையல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "கால்மேல கால் வேற. பல்லு அத்தனையும் தெரியுது. குடும்பப் பொண்ணு வரையற படமாங்க இது?"

மாமனார் சமையலறைப் பக்கம் திரும்பாமலே சொன்னார். "சங்கத்துல வெள்ளை பெயின்ட் இருக்கு. அவளே போய் அழிக்கட்டும். தெரு பாக்கட்டும். வீட்ல வச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்."

பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவர் முன்னால் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. பின்னால் மாமனார் கைகட்டி நின்றார். பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் வரிசையை விட்டு நெருங்கி வந்தார்கள்.

"ஏய், இவளாடி?"

"பால்காரர்கிட்ட கூட வாயைத் திறக்க மாட்டாளே, அந்தப் பொண்ணா!"

"அந்தச் சிரிப்பையாவது விட்டு வையேம்மா."

அவள் விடவில்லை. கால், கை, கடைசியில் வாய். சுவர் வெளுத்தது. பஸ் வந்தது, பாதிப் பேர் ஏறவில்லை.

"போதும், கிளம்பு," என்றார் மாமனார்.

அவள் பிரஷ்ஷை மறுபடி வாளியில் முக்கினாள்.

"அதான் மறைஞ்சிடுச்சே. இன்னும் எதுக்கு?"

அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தே சொன்னாள்.

"ஒரு கை அடிச்சா வெள்ளையைச் சுவர் குடிச்சிரும் மாமா. ரெண்டு கை அடிச்சாத்தான் மேல வரையறது நிக்கும்."