ஆறவிடும் சுற்று

காலை ஏழு மணிக்கு முன்பே கெர்ரி சிவப்புக் காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தாள். இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் காற்று கிழங்கு வயல்களைத் தாண்டி வந்து அவள் சட்டைக் கழுத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய சிமெண்டுத் தளம் அது. இப்போது டயர்களை அடுக்கி, வளைவுகள் அமைத்து, ஆசைப்பட்டவர்கள் பணம் கட்டி வேகமாக ஓட்டிப் பார்க்கும் இடமாக்கியிருந்தார்கள்.

புதுப் பிரேக் பேடுகள் வந்த அட்டைப்பெட்டியின் மேல் பெரிய தீப்பிழம்பு ஒன்று அச்சாகியிருந்தது. உள்ளே இருந்த பேடுகளின் ஓரம் விரல் பட்டாலே கரித்தூளாக உதிர்ந்தது. எத்தனை சூடு தாங்கும் என்று பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினாள். எங்கும் எழுதியிருக்கவில்லை.

"நெருப்பெல்லாம் பெட்டி மேலயே நின்னுபோச்சு போல," என்றார் நெவில்.

கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார் அவர். அறுபத்தொரு வயது. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இந்தக் காரை ஓட்ட வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எங்கே மிதிக்க வேண்டும், எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்வது இப்போது அவர் வேலை. ஏற்றி இறக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. அவர் பக்கம் பிரேக் கிடையாது, வாய் மட்டும்தான்.

"சிரிங்க பெரியவரே, சிரிங்க. இதுல உக்காரப்போறது நீங்கதான்."

"அதான் இப்பவே சிரிச்சு வச்சுக்கறேன்."

மார்ச் மாதம் இந்தக் காருக்கென்று நல்ல பேடுகள் ஒரு செட் வந்தன. கனமான இரும்புப் பெட்டியில், எத்தனை சூடு வரை தாங்கும் என்ற அட்டவணையோடு. முதலாளி கிறிஸ்பின் அதைத் தன்னுடைய வெள்ளி நிறக் காரில் மாட்டச் சொன்னார். "முதல்ல என் கார்ல போட்டுப் பாத்துடலாம்," என்றார். பார்த்துக்கொண்டே ஜூன் மாதம் ஆகிவிட்டது.

கெர்ரி மாட்டி முடித்தாள். நெவில் பெடலை மிதித்து மிதித்து விட, பிரேக் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றினாள். பிறகு சின்னத் தூரிகையால், பேடுகள் கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கின் விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று கோடுகள் இழுத்தாள். சூடு ஏற ஏற முதலில் பச்சை வெளுக்கும், பிறகு ஆரஞ்சு. சிவப்பும் வெளுத்துவிட்டால் அந்தச் சூட்டுக்கு மலிவுப் பேடு எதுவும் தாக்குப்பிடிக்காது. எந்தக் காருக்கு பிரேக் மாட்டினாலும் அவள் இந்தக் கோடுகளை விடமாட்டாள். மனிதர்கள் மழுப்புவார்கள், அந்த வண்ணம் மழுப்பாது என்பாள்.

இருவரும் ஏறினார்கள். நீளப் பாதையில் வேகம் எடுத்து, முழுக்க நிறுத்தாமல் தணித்து, மறுபடி வேகம் எடுத்து, பத்து முறை பேடுகளைப் பழக்கினாள். அதன் பிறகுதான் நிஜமாக ஓட்டினாள். மூன்று சுற்று வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காவதில் கம்பளி கருகுகிற வாடை வந்தது. ஐந்தாவதில் கடைசி வளைவுக்கு முன் மிதித்தபோது பெடல் தரைவரை போய் உட்கார்ந்தது. கெர்ரி கியரைக் குறைத்து, புல்லில் இறக்கி, கிழங்கு வயலின் வேலிக்குப் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தினாள்.

நெவில் காலடியில் கிடந்த ஃபிளாஸ்க்கை எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"ஃபிளாஸ்க் உடையல," என்றார் நெவில்.

டிஸ்க்கில் மூன்று கோடுகளும் சாம்பல் வெள்ளையாகியிருந்தன.

வண்டியை மெதுவாக உள்ளே கொண்டுவந்ததும் கிறிஸ்பின் குனிந்து அவற்றைப் பார்த்தார். அவருக்குக் குரல் உயராது. உயர்த்த வேண்டிய அவசியம் வாழ்க்கையில் அவருக்கு வந்ததே இல்லை.

"அஞ்சு சுத்து யாரு ஓட்டச் சொன்னா உன்னை? வர்றவங்களுக்கு ஆளுக்கு மூணு சுத்துதானே?"

"இன்னைக்கு வர்றது பதினெட்டு பேரு. இது ரோட்டுல கடைக்குப் போற வண்டிக்கு மாட்டுற பேடு, கிறிஸ்பின். உங்க கார்ல இருக்கறதைக் கழட்டி இதுல மாட்டறேன். ஒரு மணி நேரம் குடுங்க."

"மதியம் நானும் விருந்தாளிங்களும் அதுல போகணும். இந்தக் காரு போகலைன்னா இன்னைக்கு நெவிலுக்கும் வேலை இல்ல. நீயே சொல்லிடு அவர்ட்ட."

நெவில் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். வீட்டில் அவர் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய், படி ஏற முடியாமல் கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தது. கெர்ரிக்கு அது தெரியும், கிறிஸ்பினுக்கும் தெரியும்.

"மூணு சுத்து ஓட்டி, பிரேக்கையே தொடாம மெதுவா ஒரு சுத்து ஆறவிட்டா தாங்கும்மா," என்றார் நெவில். "தாங்காதா?"

அவர் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்டு, வண்டி ஓடும் முன் மெக்கானிக் கையெழுத்திட வேண்டிய சோதனைப் படிவத்தை கெர்ரி எடுத்தாள். அதில் 'பிரேக் சரி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் எழுத இடமே இல்லை. தாளைத் திருப்பி, 'மூன்று சுற்றுக்கு ஒரு முறை கட்டாயம் ஒரு சுற்று ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். மறுபடி முன்பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்கு, கார் ஓட்டிப் பார்க்கப் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த சீட்டுகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதல் நான்கு பேருக்கும் நெவில் சொன்னபடி ஆறவிட்டார். பதினொன்றரைக்கு வரிசை தேநீர் வண்டிவரை நீண்டுவிட்டது. யாரோ கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். கிறிஸ்பின் வாக்கி டாக்கியை எடுத்தார்.

"நெவில், அந்தக் கடைசிச் சுத்து வேண்டாம். நேரா உள்ள வா."

"ஆறவிடணும்னு..."

"இங்க ஆள் மாறுறப்போ ஆறிடும். வா."

ஆள் மாறும்போது ஆறாது. நின்ற இடத்தில் சூடான டிஸ்க்கைப் பேடு கவ்விக்கொண்டே கிடக்கும், இருக்கிற சூடும் பிரேக் ஆயிலுக்குள் இறங்கி அதைக் கொதிக்க வைக்கும். அடுத்த காரின் சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்த கெர்ரி, சிவப்புக் கார் ஆறாமலே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு புறப்படுவதைப் பார்த்தாள். ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"நிறுத்துங்க அதை! வாக்கி டாக்கியைக் குடுங்க!"

"கத்தாத. ஆளுங்க பாக்கறாங்க," என்றார் கிறிஸ்பின்.

ஓட்டியவன் கல்யாணமாகி ஒரு மாதமே ஆன வீட்டுத் தரகன். இரண்டாவது சுற்றில், கடைசி வளைவுக்கு முன் பிரேக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது; வேகம் குறையவில்லை. நெவிலின் கை குறுக்கே நீண்டு ஸ்டீயரிங்கைத் தன் பக்கம் இழுப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அதனால்தான் டயர்ச் சுவரில் மோதியது அவர் பக்கக் கதவு.

தரகன் தானாக இறங்கி நின்று மனைவிக்குப் போன் செய்தான். நெவிலை வெளியே எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. இடுப்பெலும்பு என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது கெர்ரியின் விரலை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுக்கு நீ போன் பண்ணாத. பயந்துடுவா. நானே பண்ணிக்கறேன்."

மைதான அலுவலகத்தில், ஓடுதளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் அதிகாரி படிவத்தை நகல் எடுத்துக்கொண்டிருந்தார். நகல் இயந்திரம் அதன் முன்பக்கத்தை மட்டும் துப்பியது.

"பிரேக் சரின்னு மெக்கானிக் கையெழுத்து இருக்கு," என்றார் அதிகாரி. "அப்போ வண்டியில கோளாறு இல்ல. ஓடுற வண்டியில ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்திருக்காரு அந்தப் பெரியவர். அது விதிமீறல். இனிமே அவரை இங்க வேலைக்கு விட முடியாது. காப்பீடும் வராது."

"பின்னாடி திருப்பிப் பாருங்க," என்றாள் கெர்ரி. "எழுதியிருக்கேன். எல்லாம் எழுதியிருக்கேன்."

"படிவத்துல பின்பக்கம்னு ஒண்ணு கிடையாதே," என்ற கிறிஸ்பின், இயந்திரத்திலிருந்து அசல் தாளை எடுத்து நான்காக மடித்துக் கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டார்.

"அதைக் குடுங்க! அவரு இழுக்கலைன்னா இப்போ அந்தப் பையன் கிடந்திருப்பான் ஆஸ்பத்திரியில! நீங்கதானே ஆறவிடாம உள்ள கூப்பிட்டீங்க? எல்லாரும் கேட்டாங்களே!"

அதிகாரி நகலில் தேதி முத்திரை குத்தினார். வரிசையில் நின்றவர்களை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பியாகிவிட்டது, கேட்டவர்கள் யாரும் அங்கே இல்லை. தன் கையெழுத்தைக் கொண்டே நெவிலை அடித்துவிட்டார்களே என்று கெர்ரி கிறிஸ்பினின் கோட்டுப் பையையே பார்த்தாள்.

"போய்க் கொஞ்சம் தண்ணி குடி," என்றார் கிறிஸ்பின், நிஜமான பரிவோடு. "மூணு மணிக்கு விருந்தாளிங்க வந்துடுவாங்க. அதுக்குள்ள என் காரை ஒரு தடவை பாத்து வச்சுடு."

வெள்ளி நிறக் கார் கூடாரத்துக்குள் துணி போர்த்தி நின்றது. கெர்ரி தண்ணீர் குடிக்கவில்லை. துணியை விலக்கி, முன்சக்கரத்துக்கு எதிரே மண்டியிட்டு, சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் டார்ச்சை அடித்தாள். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. மார்ச் மாதம் அந்த நல்ல பேடுகளை மாட்டியபோது அவள் இழுத்த கோடுகள் மூன்றும், ஒன்றுகூட வெளுக்காமல், தூரிகை இழுத்த தடம்கூடக் கலையாமல் இருந்தன.