இடது பக்கக் கண்ணாடி

வண்டியின் இடது பக்கக் கண்ணாடி மூன்று மாதமாக இறங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் யாரோ கல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வரும், அதோடு சரி. ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியோ வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் பி.டி. மாஸ்டருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருடைய மனைவி உட்காருவது இடது பக்கம்.

கண்ணாடி மூடிய வண்டியில் அவளுக்கு இரண்டாவது திருப்பத்திலேயே குமட்டும். ஏசி போட்டால் முதல் திருப்பத்திலேயே. முகத்தில் காற்று அடித்தால்தான் அவளால் பேசவும் முடியும், சிரிக்கவும் முடியும்.

ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் உள்ள ஓர் ஊரில், ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. மாதம் ஒரு தடவை வருவாள். வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அவள் பொதுச் சொத்து. மாமனார் மாத்திரை டப்பாவோடு காத்திருப்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பங்கு போட்டுக்கொள்ளும். மாடியில் குடியிருக்கும் அவள் தம்பி, இறங்கி வந்தால் ஏறவே மாட்டான். மாஸ்டருக்கு மனைவியாக அவள் கிடைப்பது ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் உள்ள அரை மணி நேரம்தான்.

கண்ணாடி மக்கர் செய்த பிறகு அதுவும் போயிற்று. போன இரண்டு தடவையும் அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள். இவர் அவளுடைய பெட்டியை முன் சீட்டில் உட்கார வைத்து, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டு, பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு சிக்னலில், பஸ் ஜன்னலில் ஒரு வளையல் கை லேசாக ஆடியது. இவரும் ஆசையாகக் கையாட்டினார். அது பக்கத்து சீட்டு அம்மாள் ஈரக் கையை உதறியது என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

இந்தத் தடவை பஸ் கூடாது. அந்த ஊரிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். 'வேணாம், வந்துடு' என்று போனில் சொல்லிவிட மாஸ்டர் எத்தனையோ முறை வாயைத் திறந்தார். ஒவ்வொரு முறையும் 'சாப்பிட்டியா' என்பதுதான் வெளியே வந்தது. நேரில், பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தில் காற்று அடிக்கும்போது சொன்னால் சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை.

சனிக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைப் பிரிக்க ஆரம்பித்தார். துணைக்கு மனைவியின் தம்பி. போனில் வீடியோ பார்த்தே மிக்சி முதல் மூட்டுவலி வரை எல்லாவற்றையும் சரி செய்கிறவன் என்பதால் வீட்டில் அவன் பெயர் 'வீடியோ'.

"மாமா, கைப்பிடிக்கு உள்ள ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதக் கழட்டாம இழுத்தா அட்டை ஒடஞ்சிரும்."

"நான் இழுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் மாப்ள."

"நடுவுல விளம்பரம் வந்துருச்சு."

உள்பக்க அட்டை கையோடு வந்தது. அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் பட்டாணி மாதிரி வாசலெங்கும் தெறித்தன. மேலே ஒட்டியிருந்த பாலிதீன் தாளை உரித்ததும் கதவின் வயிறு தெரிந்தது: ஒரு மோட்டார், ஒரு தண்டவாளம், இரண்டையும் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிவடம். அந்த வடம் அறுந்து, பூனை விளையாடிய நூல்கண்டாகச் சிக்கிக் கிடந்தது.

"கண்ணாடிய ஏத்தி இறக்கற ரெகுலேட்டர் போச்சு மாமா. புதுசு வாங்கியாச்சுல்ல?"

"அதெல்லாம் போன்லயே சொல்லியாச்சு. இப்ப வந்துரும்."

சொன்னபடி மத்தியானத்துக்குள் பெட்டி வந்தது. அதற்குள் இருவரும் சிக்கலை வெட்டியெடுத்து, பழைய ரெகுலேட்டரைக் கழற்றி, விடுபட்ட கண்ணாடியைக் கையாலேயே கதவின் அடிவரைக்கும் இறக்கியிருந்தார்கள். புதியதை உள்ளே நுழைத்தால், கிழக்கே இருக்க வேண்டிய மோட்டார் மேற்கே இருந்தது. ஒரு துளைகூடப் பொருந்தவில்லை. வீடியோ அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது வலது பக்கத்துக்கு. நீங்க கடையில என்ன சொன்னீங்க?"

மாஸ்டர் யோசித்தார். சீட்டில் உட்கார்ந்து, இடது கையை இந்தக் கதவு மேல் வைத்துக்கொண்டுதான் போன் செய்தார். வைத்துக்கொண்டு, 'வலது' என்றார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எதிரே நிற்கும் பிள்ளைகளுக்காகத் தன் வலது கையைத் தூக்கி 'இடது' என்று கத்துவது அவர் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் அது சரியாக இருக்கும். வெளியேதான் வம்பு. வீட்டில் எல்லோரும் அவர் சொல்வதற்கு நேர் எதிராகத் திரும்பிப் பழகிவிட்டார்கள். கடைக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கடைக்குப் போன் செய்தால், இன்றைக்குச் சாத்தியாயிற்று என்றார்கள். இனி நாளைக் காலையில்தான்.

"விடு மாப்ள. கண்ணாடி கீழதான இருக்கு? நமக்கு வேண்டியதும் அதுதான்," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் குளித்தார், நல்ல சட்டையைப் போட்டார், காதோரத்தில் தெரிந்த நரையைத் தலையைச் சாய்த்து மறைத்துப் பார்த்தார். திறந்த ஜன்னலோடு ஸ்டேஷனுக்குப் போனார்.

ரயில் வரும் நேரத்துக்கு மழையும் வந்தது. இரண்டில் மழைதான் சரியான நேரத்துக்கு வந்தது.

பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவள், ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது.

"கண்ணாடி இறங்கிருச்சு," என்றார் மாஸ்டர், பெருமையை முழுதாக விட மனமில்லாமல்.

"ஏறுமா?"

"ஒரு நேரத்துல ஒரு வேலைதான பாக்க முடியும்?"

அவள் அவரையும் சீட்டையும் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. அந்தக் குளத்துல நீங்க உக்காருங்க."

"உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?"

"இப்பத் தெரியும். எங்க லேப் அக்கா சொல்லிக் குடுத்தாங்க. நானே ஓட்டினா குமட்டறதில்ல."

"தினம் பேசறோம். ஒரு வார்த்த சொல்லல."

"நீங்க சாப்பிட்டியான்னுதான கேட்டீங்க?"

அவள் வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, வரிசையை விட்டு அலுங்காமல் வெளியே கொண்டுவந்தாள். மாஸ்டரின் இடது தோள் முதல் நிமிஷத்திலேயே நனைந்துவிட்டது. அவர் தோளைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் மேல் இருந்த அவள் விரல்களைப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாத இடத்தில், தெரியாத சாலைகளில் பழகிய கை. பக்கத்தில்தான் இருந்தாள். ஆனாலும், பஸ்ஸுக்குப் பின்னால் வந்த நாட்களைவிட இப்போதுதான் தூரமாகத் தெரிந்தாள்.

"அங்க வலது," என்றார்.

அவள் யோசிக்காமல் இடது பக்கம் திரும்பினாள். அதுதான் சரியான வழி.

"வந்துடேன்," என்றார். காற்று அடிக்கவில்லை, மழைதான் அடித்தது. எப்படியோ வந்துவிட்டது.

அவள் வைப்பரைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டாள். "ஆஸ்பத்திரியில சரின்னு சொல்லிடலாம்னு இருக்கேங்க. எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. ஆனா ரயில நம்பி மாசத்துக்கு ஒரு தடவை வர்றது என்னாலயும் முடியல. வண்டி எங்கிட்ட இருந்தா, வெள்ளிக்கிழமை மத்தியானம் கெளம்பி ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பேன். வாராவாரம்."

"ரெண்டு வருஷம்."

"ரெண்டே வருஷம்." அவள் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினாள். அவள் வலது தோளும் நனைந்தது. "இந்தக் கண்ணாடிய மட்டும் நாளைக்குள்ள ஏத்தி இறக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. திறந்த ஜன்னலோட அவ்வளவு தூரம் போக முடியாது."

அரை மணி நேரம் முடிந்தது. வாசலில் பிள்ளைகள் குடையோடு நின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாஸ்டரும் வீடியோவும் அட்டைப்பெட்டியோடு கடையில் நின்றார்கள்.

"சார், இந்தத் தடவையாவது நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்தப் பக்கம்?" என்றார் கடைக்காரர்.

மாஸ்டர் நல்லாத்தான் யோசித்தார். இன்னொரு முறை 'வலது' என்றால், வேண்டுமென்றே சொன்னார் என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அவர் ராசி ஊருக்கே தெரியும். வண்டி வாயைத் திறந்துகொண்டு வாசலிலேயே நிற்கும். அவள் வழக்கம்போல ரயிலில் போவாள், ஒரு மாதம் வரமாட்டாள். வெள்ளிக்கிழமைகள் அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"இடது," என்றார்.

வீடியோ நம்பாமல் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டான்.

சாயந்திரத்துக்குள் மாட்டி முடித்தார்கள். தெறித்த கிளிப்புகளில் பாதிதான் கிடைத்தது; மீதிக்கு அட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அவள் பெட்டி பின் சீட்டில் ஏறியாயிற்று. அவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். இடது பக்கம் வெளியே குனிந்து நின்ற மாஸ்டரின் முகத்துக்கு முன்னால் கண்ணாடி மெதுவாக ஏறி மூடியது. அவள் ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

அவர் கையைக் காட்டினார். கண்ணாடி இறங்கியது.

"சரியாயிருச்சுன்னு சொன்னேன்," என்றாள்.

"இன்னொரு தடவை ஏத்தி இறக்கு. பாத்துருவோம்."

ஏறியது. இறங்கியது.

"இன்னொரு தடவை."

"மாமா, மோட்டார் சூடாயிரும்," என்றான் வீடியோ.

"நீ சும்மா இரு மாப்ள. தூர வழி போற வண்டி."

அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.