உதவும் என்று வைத்தவை

“உதுகள் ஒண்டும் இஞ்சை கிடக்கக் கூடாது. எல்லாத்தையும் தூக்கிக்கொண்டுபோய் வேலிக்கரையிலை போடுங்கோ. கெதியா.”

செல்வநாயகி விறாந்தையின் நடுவில் நின்று கட்டளையிட்டார். அவருடைய கணவர் முத்துக்குமாரு அன்று விடியற்காலையில் இறந்திருந்தார். உடல் உள்ளறைக் கட்டிலில் கிடந்தது. அதை விறாந்தைக்குக் கொண்டுவந்து கிடத்த வேண்டும். விறாந்தையிலோ கால் வைக்க இடமில்லை.

சைக்கிள் டயர்கள், உடைந்த லாம்புச் சிமினிகள், வெறும் பால்மா ரின்கள், மருந்துப் போத்தல்கள். அவற்றுக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குப் பொட்டலங்கள். முத்துக்குமாரு கந்தோர் ஒன்றில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் எறியமாட்டார். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, சணல் நூலால் கட்டி, மேலே பென்சிலால் பொருளின் பெயரையும் திகதியையும் எழுதுவார். கடைசியில் ‘உதவும்’ என்று ஒரு சொல் சேர்ப்பார்.

“குடைக் கம்பி, உதவும்,” என்று ஒன்றை வாசித்தார் பக்கத்து வீட்டு முருகேசு. “ஓம், குடை கட்டலாம். சீலை மட்டும் கொழும்பிலையிருந்து வரவேணும்.”

“விடுப்புக் கதையை விட்டிட்டுத் தூக்கு, முருகேசு. பத்து மணிக்கு முந்திப் பிரேதம் வெளிக்கிட வேணும்.”

முருகேசு வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாக்கைத் தூக்கினார். மூன்று நாள்களாகப் பதினொரு மணியளவில் குண்டு போடும் பொம்மர் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் கூடி நிற்கும் முற்றம் மேலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்பதை அந்த ஊரில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இரண்டிரண்டு பேராக மாமரத்தின் கீழே ஒதுங்கி நின்றார்கள்.

மகள் பத்மாவதி பொட்டலங்களை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். தாயார் ஒன்றையும் தொடவில்லை. இந்தக் குவியலை அவர் ஏழு வருடங்களாகக் கையால் தொட்டதில்லை. விளக்குமாற்றைக்கூட அதன் ஓரத்தோடு திருப்பிவிடுவார். அவருடைய வீட்டில் மற்றவையெல்லாம் ஒழுங்கு. தேவையில்லாத ஒரு கரண்டி அடுக்களையில் இராது. தேவையான பொருள்களில் உரியவரின் முதலெழுத்து இருக்கும். துணிகளில் சிவப்பு நூலால், செருப்புகளில் காய்ச்சிய கம்பியால். கோயில் வாசலில் செருப்பு மாறிப்போகக் கூடாது என்பார்.

முற்றத்தில் சைக்கிள் மணி கேட்டது. நீர்வேலியிலிருந்து சீவரத்தினம் வந்துவிட்டான். முத்துக்குமாருவின் தமையன் மகன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

“சின்னம்மா,” என்று அவன் கைப்பையைத் திறந்து காட்டினான். “என்ரை வேட்டிதான் கொண்டுவந்தனான். தோய்ச்சது.”

“உடுக்காத கோடி வேட்டியெல்லோ வேணும்?”

முற்றத்தில் சுண்ணம் இடிக்கும் உரலுக்கு அருகிலிருந்த குருக்கள் தலையை நிமிர்த்தினார். “இந்தக் காலத்திலை கோடிக்கு எங்கையம்மா போறது? தோய்ச்சது காணும்.”

“முறையெண்டால் முறைதான் ஐயா. அவருக்குக் குறை வைக்க ஏலாது. முருகேசு, ஒருக்காக் கடைப்பக்கம் ஓடிப் பாத்திட்டு வா.”

முருகேசு போய்க் கால்மணித்தியாலத்தில் திரும்பினார். ஒரு கடை பூட்டு. மற்றதில் சாறம் மட்டுந்தான். மணி ஒன்பது பத்து. முருகேசுவின் கண் உள்ளறை அலுமாரிப் பக்கம் போய்த் திரும்பியதைப் பத்மாவதி கண்டாள்.

அந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் உடுக்காத வேட்டி ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். பத்மாவதியின் தம்பி கருணாகரனுக்காகக் கோயில் திருவிழாவுக்கு வாங்கியது. அவன் நெடியவன்; அகலம் கூடிய வேட்டியாகத் தேடி வாங்கியிருந்தார் தாயார். திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்க, வேலை விஷயமாக வவுனியாவுக்குப் பஸ் ஏறியவன் திரும்பவில்லை. அது எண்பத்தைந்தாம் ஆண்டு. வருடத்துக்கு ஒருமுறை தாயார் அந்த வேட்டியை எடுத்து வெயில் காட்டி, அதே மடிப்பில் திரும்ப வைப்பார்.

பத்மாவதி தாயாரின் அருகில் போனாள். “அம்மா, அலுமாரியிலை ஒண்டு கிடக்கு.”

“அது தம்பியின்ரை.”

“நேரம் போகுதம்மா.”

“அவன் வந்து கேட்டால் நீ என்ன சொல்லுவாய்? தேப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அவன்ரை வேட்டியை உடுத்துக்கொண்டு இன்னொருத்தன் வைக்கிறதோ?” குரல் உயரவில்லை. “போ. உந்த மூலை இன்னும் கிடக்கு.”

சீவரத்தினம் தன் பையை மெல்ல மூடினான்.

பத்மாவதி சுவரோரத்து மூலைக்குத் திரும்பினாள். அடியில் கிடந்த பொட்டலம் மற்றவற்றைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. வழக்கம்போலத் தகப்பனாரின் பென்சில் எழுத்து:

‘வின்சன்ற் கொண்டுவந்து தந்தது. ஆவணி, தேய்பிறை, சத்தமி.’

அவள் இரண்டாம் முறை வாசித்தாள். ‘உதவும்’ என்ற சொல் இல்லை. ஆயிரம் பொட்டலங்களில் திகதி எழுதியவர் இதில் மட்டும் திதி எழுதியிருந்தார். திதி எழுதி வைப்பது செத்தவர்களுக்குத்தான்.

வின்சன்ற் கருணாகரனோடு வேலை செய்தவன், கொழும்புத்துறைப் பெடியன். அந்த வருடம் ஒரு பின்னேரம் வந்து, வாசல் படலையில் நின்றபடியே அவளுடைய ஐயா முத்துக்குமாருவோடு கதைத்துவிட்டுப் போனான். ‘ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போறான், என்ன பழக்கமிது?’ என்று தாயார் கோபித்தார். ஐயா அன்றைக்குப் பழைய டயர் ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் போட்டார். அதுவரை அவருடைய சாமான்கள் கொட்டிலில்தான் இருந்தன.

சணலை அவிழ்த்தாள். ஆண்பிள்ளையின் இடக்கால் செருப்பு. வார் அறுந்திருந்தது. குதிகால் பக்கத்தில், காய்ச்சிய கம்பியால் சுட்ட எழுத்து: க.

“போடு பிள்ளை,” என்று முருகேசு சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்.

போட்டுவிடலாம். சாக்கு வேலிக்கரைக்குப் போகும்; பின்னேரம் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள். ஐயா ஏழு வருடம் மறைத்ததை அவளும் மறைக்கலாம். அம்மா அடுத்த வருடமும் அந்த வேட்டியை வெயிலில் விரிப்பார். பத்மாவதி செருப்பைத் தாளில் சுற்றினாள். கை சாக்கின் வாய்வரை போய் நின்றது.

“என்னடி அது?”

தாயார் பின்னால் நின்றார்.

“ஒண்டுமில்லை அம்மா. ஐயாவின்ரை ஏதோ...”

“குடு இஞ்சை.”

அவர் முதலில் எழுத்தை வாசித்தார். பிறகு தாளை விலக்கினார். பெருவிரலை அந்தச் சூட்டுத் தழும்பின்மேல் வைத்து, நெடுநேரம் எடுக்கவில்லை. முற்றத்தில் உலக்கை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“உந்தக் குப்பையிலை நான் கை வைக்கமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்,” என்றார்.

“அம்மா...”

“மணி என்ன?”

“ஒன்பதரை.”

செல்வநாயகி உள்ளே போனார். இடுப்புத் திறப்புக் கோர்வை குலுங்கிப் பூட்டுத் திறபட்டது. அலுமாரிக் கதவு கிரீச்சிட்டது. திரும்பி வந்தபோது ஒரு கையில் வேட்டி இருந்தது. மறு கையில் அந்தத் தாள் பொட்டலம், முன்பிருந்தபடியே சணலால் திரும்பக் கட்டி.

சீவரத்தினம் வேட்டியை வாங்கத் தயங்கினான். “சின்னம்மா, இது கருணாகரன்ரை...”

“குளிச்சிட்டு உடு. குருக்களைக் காக்க வைக்காதை.”

பிறகு எல்லாம் விரைவாக நடந்தன. வெறுமையான விறாந்தையில் உடலைப் பெட்டியில் கிடத்தினார்கள். பஞ்சபுராணம் பாடி முடிந்து, பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். பெட்டியை மூட முருகேசு குனிந்தபோது செல்வநாயகி கையை நீட்டித் தடுத்தார். கால்மாட்டில் வெள்ளைத் துணியை உயர்த்தி, பொட்டலத்தைக் கணவரின் பாதங்களுக்கு இடையில் வைத்து, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டார்.

“என்னக்கா அது?” என்று முருகேசு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அவர் வைச்சிருந்த சாமான்.”

தாளின் ஓரத்தால் செருப்பு வார் வெளியே தெரிந்தது. குருக்கள் அதைப் பார்த்தார். பிறகு தர்ப்பையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கப் பெட்டி படலையைக் கடந்தது. பறை மேளம் வேண்டாமென்று முன்னரே சொல்லியிருந்தார்கள். பெண்கள் படலையோடு நின்றார்கள். வானத்தில் இன்னும் சத்தமில்லை.

சீவரத்தினம் கொள்ளிச் சட்டியோடு முன்னே நடந்தான். ஏழு வருட மடிப்பு வேட்டியில் மஞ்சள் கோடுகளாக விழுந்திருந்தது. அவன் கட்டையன், எவ்வளவு ஏற்றிக் கட்டியும் கரை ஒழுங்கைத் தெருவின் செம்மண்ணில் இழுபட்டது.

அம்மா கூப்பிட்டுச் சொல்வார் என்று பத்மாவதி காத்திருந்தாள். நிலத்தில் அரையும் துணியை அவர் ஒருநாளும் பொறுத்ததில்லை.

செல்வநாயகி படலைத் தடியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். முடக்கில் திரும்பும்வரை வேட்டியின் கரை சிவந்துகொண்டே போனது.