மூன்று கால் சேவல்

ஷஹ்லா சமையலறையிலிருந்து கல் உப்பு மூட்டையை இழுத்து வந்து முற்றத்தில் கைநிறைய வாரி வீசிக்கொண்டிருந்தாள். பெஹ்ஜத் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கான அல்வாவைக் கிளறியபடி ஜன்னல் வழியே பார்த்தாள். வேண்டாமென்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

"அப்பாவைத் தெருமுனைக்குக் கொண்டு வந்துட்டாங்களாம்! பனியில யாரும் வழுக்கிடக் கூடாது. போதுமா அக்கா?" என்று தங்கை கத்தினாள்.

"தொட்டி ஓரமும் போடு. அங்கதான் இறக்குவாங்க."

தெற்கே பந்தர் அப்பாஸ் வெயிலில் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தப்ரீஸின் குளிர் என்ன தெரியும்? உப்புத் தண்ணீர் டைல்ஸுக்குள் இறங்கி, ராத்திரி உறைந்து, பூச்சைப் பொரிப் பொரியாய் உரித்துவிடும். முற்றத்தில் உப்போடு யாரைப் பார்த்தாலும் அப்பா ஹபீப் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். நேற்றுக் காலை தேநீர்க் குவளையைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். இனி குதிக்க ஆளில்லை.

முற்றத்து நீர்த்தொட்டியின் விளிம்பில் இருந்தது அந்தச் சேவல். ஷஹ்லா ஏழு வயதில் ஒரு டைல்ஸில் வரைந்தது. கணக்கு வராத பிள்ளை, மூன்று கால் போட்டிருந்தாள். அப்பா அதைச் சூளையில் சுட்டுக் கொண்டுவந்து பதித்தார். பக்கத்தில் பெஹ்ஜத் வரைந்த மாதுளை. அது முதல் குளிரிலேயே வெடித்துப் போனது. அந்த இடத்தில் அப்பா வெறும் நீல டைல்ஸை வைத்துப் பூசிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் தொடங்கியது அந்தச் சேவலுக்கு ராஜ உபசாரம். இலை உதிரும்போதே தொட்டியை வடித்து, துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, கம்பளிப் போர்வையால் மூடுவார். "பிளாஸ்டிக் போடாதே, வேர்த்துடும். கம்பளின்னா மூச்சு விடும்," என்பார். அவர் முழங்கால் மடங்காமல் போன பிறகு அந்த வேலை பெஹ்ஜத்தின் தலையில் விழுந்தது. கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்டதெல்லாம், "சேவலை மூடினியா?" என்றுதான். நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ஊரில் இல்லாதவள் செல்லம், ஊழியம் செய்தவள் வேலைக்காரி. பெஹ்ஜத்துக்கு வயிறு எரிந்தது. அப்பா செத்த வீட்டிலும் அது அணையவில்லை.

குளிப்பாட்டிய இடத்திலிருந்து பாடையைக் கொண்டுவந்து தொட்டியோரம் இறக்கினார்கள். வீட்டுக்கும் அவருக்கும் அதுதான் கடைசி விடைபெறல். ஷஹ்லா பாடையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டு இஃபத் அம்மாள், "பாவம், அவ்வளவு தூரத்துலேருந்து ஓடி வந்திருக்கா," என்று அவளைத்தான் தாங்கிப் பிடித்தாள். பெஹ்ஜத்தின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. முற்றத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. பாடையை இறக்குவதற்காகக் காலையில் எடுத்துவைத்த போர்வையைப் பெஹ்ஜத் கொண்டுவந்து, ஈரமும் உப்புமாக இருந்த சேவல் மேலேயே விரித்தாள். பார்ப்பவர்களுக்குக் கடமை தவறாத மகள்.

பின்னால் வந்து நின்ற ஷஹ்லாவின் மூக்கு சிவந்திருந்தது.

"இன்னிக்குமா அக்கா? இதை மூட மறக்கலையே நீ."

"உன் சேவலாச்சே."

"என் சேவலா? போன் பண்ணினா அப்பாவுக்கு வேற பேச்சே கிடையாது. 'பெஹ்ஜத்தோட மாதுளை என்னாலதான் போச்சு. சோம்பேறித்தனமா மூடாம விட்டுட்டேன். புள்ளை ஒரு நாள் முழுக்க அழுதுச்சு. இதையாவது விடக்கூடாது'ன்னு புலம்புவார். எனக்கு எரிச்சலா வரும். என் புள்ளைங்க எப்படி இருக்காங்கன்னுகூடக் கேக்க மாட்டார். எப்பப் பாரு பெஹ்ஜத், பெஹ்ஜத்."

பெஹ்ஜத் போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"உள்ள வா, விறைச்சுப் போயிடுவே. எல்லாருக்கும் தேநீர் ஊத்தணும்," என்றாள் ஷஹ்லா.

"நீ போய் ஊத்து. வரேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பெஹ்ஜத் மண்டியிட்டுப் போர்வையை எடுத்தாள். கறுப்பு முக்காட்டின் நுனியால் சேவலின் கொண்டையைத் துடைத்தாள், வாலைத் துடைத்தாள். துணி நனைந்ததும் வேறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது காலுக்குக் கீழே இடுக்கில் ஓர் உப்புக்கல் மாட்டியிருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்தாள். பிறகு பக்கத்திலிருந்த வெறும் நீல டைல்ஸையும் துடைக்கத் தொடங்கினாள்.