கிழக்கு வரப்பில் சிவப்பு

என் நெல் வயலுக்கு மேற்கே சத்தாரின் தோல் கொட்டகை. தோல் கழுவிய தண்ணீரை யாரும் பார்க்காத நேரத்தில் என் வயலில் திறந்துவிடுகிறான், பயிர் கருகுவதற்கு வேறு காரணமே இல்லை என்று மனு கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைப்பதாக இருந்தது. கையில் ஒரு படமும் இருந்தால் அவன் வாயைத் திறக்க முடியாது என்றுதான் ட்ரோன் விடும் பெண்ணை வரவழைத்தேன்.

வந்தவள் வாணியம்பாடி அம்பரீன். அவள் பெட்டியைத் திறப்பதற்குள் சத்தார் வேலியருகே வந்து உருதுவில் ஏதோ கேட்டான். அவளும் உருதுவிலேயே பதில் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா பேசிக்கினீங்க? எனக்குப் புரியக்கூடாதுன்னா?"

"காத்து ஜாஸ்தியா இருக்கே, பறக்குமான்னு கேட்டார் ஆன்ட்டி."

நம்புவேனா நான்? ட்ரோன் கிளம்பியதிலிருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் திரையில் படம் வந்தது. என் வயலில் சத்தார் கொட்டகையை ஒட்டிய பக்கம் முழுக்கப் பச்சை.

"பச்சைன்னா நல்ல பயிர் ஆன்ட்டி. சிவப்புன்னா வாடுது."

"எவ்ளோ குடுத்தான் உனக்கு?"

அவள் முகம் சுண்டிப்போனது. படத்தைக் கிழக்கே நகர்த்தினாள். கிழக்கு வரப்புத் தென்னை மரங்களின் அடியில் தொடங்கிய சிவப்பு, சரிவில் இறங்கிப் பாதி வயல்வரை பரவியிருந்தது.

"இங்க இன்னா கொட்டினீங்க?"

உப்பு. தென்னைக்கு உப்பு வைத்தால் காய் பிடிக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாரும் வைப்பதுதான். கடையில் வாங்குவானேன் என்று, தோல் கெடாமலிருக்கத் தடவி, பிறகு உதறிப்போடும் உப்பை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வரப்பில் குவித்திருந்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது; உப்பெல்லாம் கரைந்து வயலில் இறங்கிவிட்டது. அந்த மூட்டைகளைச் சும்மா தூக்கிக் கொடுத்தவன் சத்தார். நச்சரித்துக் கேட்டு வாங்கியவள் நான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்துக் கத்தினேன்.

"உன் மேல தப்பில்ல சத்தாரு! எல்லாம் நான் கொட்டின உப்பு!"

மன்னிப்புக் கேட்கும்போதுகூட எனக்குச் சண்டைக் குரல்தான் வந்தது. பதிலுக்கு அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்.

"அப்போ நாளைக்கு சீல் வெக்கமாட்டாங்களா சம்பூர்ணக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மனுவைத் திரும்ப வாங்க எந்த ஆபீஸும் திறந்திருக்காது.